வெள்ளத்துரை மைக் பிடித்தால்

ஐம்பத்து மூன்றாம் வருஷம் சங்கரன்கோவில் சடுகுடுப் போட்டியில், வெள்ளத்துரை மைக் பிடித்தால் உள்ளூர் அணி தோற்காது என்று ஒரு பேச்சு இருந்தது. அதைப் பரப்பியவரும் வெள்ளத்துரைதான்.

"நம்ம மருதப்பன் சடுகுடு பாடிப் போனா மைக் செட்டுக் குழாய் கிழியக் கத்துதீரு. சிவகிரிக்காரன் வந்தா வாயே திறக்க மாட்டீரு. ஊரு சிரிக்கும் வே," என்றார் போட்டியை நடத்தும் ஆறுமுகச்சாமி.

"சிரிக்கட்டும் அண்ணாச்சி. கோப்பை நமக்குத்தான்."

அப்படியே ஆயிற்று. கடைசியாக மருதப்பன் பாடிப் போனபோது, "பாயுதான், வேங்கையாப் பாயுதான்" என்று வெள்ளத்துரை போட்ட சத்தத்தில் கூட்டமே எழுந்து நின்றது. மருதப்பன் இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினான்.

ஆட்டம் முடிந்ததும் சிவகிரி அணித் தலைவன் இருளப்பன் நேராக மைக் மேடைக்கு வந்தான். அடிதடிதான் என்று ஆறுமுகச்சாமி ஒதுங்கிக்கொண்டார்.

"அண்ணாச்சி, அடுத்த மாசம் எங்க ஊர்ல போட்டி. நீங்கதான் வந்து மைக்ல பேசணும்," என்றான் இருளப்பன்.

ஆறுமுகச்சாமிக்கு ஒன்றும் புரியவில்லை. "ஒங்களை ஒரு வார்த்தைகூட இவரு புகழலையேப்பா?"

"புகழ்ச்சி யாருக்கு வேணும்? பாடிட்டு வந்த மருதப்பன் நடுவுல மூச்சு விட்டுட்டான். அப்பவே அவன் அவுட்டு. பக்கத்துல நின்ன எனக்குக் கேட்டுச்சு. இவரு போட்ட சத்தத்துல நடுவருக்குக் கேக்கலை."

வெள்ளத்துரை மைக்கைத் துடைத்து உறையில் போட்டார்.

"வாரேன். குழாயை மட்டும் நடுவர் நிக்கிற பக்கமாக் கட்டி வச்சிரு."