பச்சைத் திரை

சன்னதித் தெரு ஓட்டலில் ‘பெண்கள்’ என்று எழுதிய பச்சைத் திரைக்குப் பின்னால், கிருஷ்ணவேணி தனியாக உட்கார்ந்திருக்கிறாள். விறகடுப்புப் புகை கண்ணைக் கரிக்கிறது. திரைக்கு வெளியே கூடத்தில் மின்விசிறி சுழல்கிறது, வானொலி பாடுகிறது, ஆண்களின் இலைகளுக்குச் சாம்பார் மறுபடி மறுபடி போகிறது. இவள் தொண்டை வறளக் கூப்பிட்டும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இலையில் இட்லி ஆறிக் காய்கிறது. ஆத்திரம் தலைக்கேற, இலையை இரு கைகளாலும் ஏந்தி, தோளால் திரையை இடித்துத் தள்ளி வெளியே வந்து, விசிறிக்கு நேர் கீழே உட்காருகிறாள். பரிமாறும் தணிகாசலம் வாளியோடு ஓடி வருகிறான். “உள்ள போம்மா, ஆம்பளைங்க சாப்ட்டுக்கினு இருக்காங்க. கூச்சப்படுவாங்க.” அவள் நிமிர்ந்து கூடம் முழுவதையும் ஒருமுறை பார்க்கிறாள். “கூச்சப்படறவங்கள உள்ள அனுப்புப்பா. அங்க எடம் காலியாத்தான் இருக்குது. நீ சாம்பாரை ஊத்து.”