காய்ச்சல் இறங்கிய மதியம்

கொசுவலைக்குள் கைவிட்டு அக்காவின் நெற்றியைத் தொட்டான்.

குளிர்ந்திருந்தது.

காய்ச்சல் விட்டுவிட்டது. மகிழ்ந்திருக்க வேண்டும். பக்கத்துக் கட்டில் அம்மாள் மகிழ்ந்துதான் போனாள்.

"விட்டுருச்சில்ல? அப்புறம் ஏன் தம்பி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிருவாங்க பாரு."

டெங்குவில் காய்ச்சல் இறங்கும்போதுதான் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார்.

எதைப் பார்ப்பது? சரியாகக் கேட்டுக்கொண்டோமா?

காலையில் அக்கா வயிறு வலிக்கிறது என்றாள். இப்போது அதைக்கூடச் சொல்லவில்லை.

அது பெண்கள் வார்டு. துணைக்கு வேறு பெண் இல்லை என்று கெஞ்சியதால் அவனை விட்டிருந்தார்கள்.

சிஸ்டர் வந்தார்.

"யூரின் போனாங்களா தம்பி?"

வரும்போதெல்லாம் இதைத்தான் கேட்பார். அவன் அக்காவைப் பார்ப்பான். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு "ம்" என்பாள். தம்பியிடம் பேசுகிற பேச்சா அது? அவனுக்கும் கூச்சம். "போனாங்க சிஸ்டர்" என்று சொல்லிவிடுவான்.

இப்போதும் "ம்" என்றாள்.

"போனாங்க" என்ற அதே பதில் அவன் வாய்வரை வந்துவிட்டது.

காலையில் இட்லி வாங்கி வந்ததிலிருந்து அவன் ஸ்டூலை விட்டு எழவில்லை. அவள் கட்டிலை விட்டு இறங்கவே இல்லை.

"இல்ல சிஸ்டர். போகல. காலையில போனாங்கன்னு நான் சொன்னதுகூட... எனக்குத் தெரியாது."

அக்கா பல்லைக் கடித்தாள். "மானத்த வாங்குறியேடா."

சிஸ்டர் வலையைத் தூக்கினார். அக்காவின் கட்டைவிரல் நகத்தை அழுத்தி விட்டார். நகம் வெளுத்தது.

வெளுத்தே இருந்தது; ரத்தச் சிவப்பு திரும்பவில்லை.

"தில்லைக்கரசி, கடைசியா எப்போ போனீங்க? வெட்கப்படாம சொல்லுங்க."

"நேத்து."

சிஸ்டர் ஓடினார்.

டாக்டர் வந்தார். இன்னொரு கையிலும் சலைன் ஏற்றினார்கள். கட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரையை இழுத்தார்கள். அவன் வெளியே நின்றான்.

"பிரஷர் கிடைக்குதா?" என்றது உள்ளே ஒரு குரல்.

அதே குரல் மறுபடி கேட்டது.

பக்கத்துக் கட்டில் அம்மாள் இப்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

எத்தனை முறை "போனாங்க" என்று சொன்னான்? அதில் எது பொய்? எல்லாமேவா?

டாக்டர் வெளியே வந்தார். "யூரின் வரட்டும். அதுவரைக்கும் எதையும் சொல்ல முடியாது."

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

சலைன் பாட்டில் மாற்றினார்கள். மறுபடி மாற்றினார்கள். பார்வையாளர்கள் வந்து, பிஸ்கெட் பாக்கெட்டுகளை வைத்துவிட்டுப் போனார்கள். ஜன்னல் வெயில் சுவரில் ஏறி மங்கியது. திரையை விலக்கிப் பார்க்கப் பயமாக இருந்தது.

அப்புறம் அக்காவின் குரல். கரகரத்த குரல்தான். ஆனால் வார்டு முழுக்கக் கேட்டது.

"டேய்... ஒன்னுக்கு வருதுடா."

யாரோ சிரித்தார்கள்.

அவன் உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினான்.

"சிஸ்டர்!"