கரப்பான் தொல்லை

"அண்ணே, உங்க பொண்ணு போன் பண்ணிச்சு. வீட்ல கரப்பான் தொல்லை தாங்க முடியலையாம். உங்களை ஒரு நடை வந்துட்டுப் போகச் சொல்லிச்சு."

பூச்சிமருந்து கம்பெனியில் போன் எடுக்கும் பெண் இதைச் சொன்னபோது, பூச்சிக்காரர் ஸ்ப்ரேயரின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றுவிட்டது.

"யாரு பொண்ணு?"

"உங்க பொண்ணுதாண்ணே. விலாசம் கூடச் சொல்லிச்சு."

இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. மாப்பிள்ளை வீட்டார் முதன்முதலாக வந்த அன்று, அவர் வேலையிலிருந்து நேராக மருந்து வாடையோடு வந்து நின்றார். வந்தவர்கள் மூக்கைச் சுளித்தார்கள். "குளிச்சிட்டாவது வந்திருக்கக் கூடாதா?" என்று மகள் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள். அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கல்யாணத்துக்குப் போய் ஓரமாக நின்றுவிட்டு, ஒரு வாய் சாப்பிடாமல் திரும்பினார். அவளுக்கும் ரோஷத்துக்குக் குறைச்சல் இல்லை. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டதால், நடுவில் தூது போகவும் ஆளில்லை.

அன்றைக்கு இருந்த மற்ற வேலைகளையெல்லாம் தள்ளிப் போட்டுவிட்டுக் கிளம்பினார். வழியெல்லாம் ஒரே யோசனை. கூப்பிட்டது பெற்றவனையா, பூச்சிக்காரனையா?

கதவைத் திறந்தவள் சற்று இளைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"வாங்க."

அந்த 'வாங்க'வுக்குப் பின்னால் 'அப்பா' வருமா என்று ஒரு நொடி வாசலிலேயே நின்றார். வரவில்லை. சரி, பூச்சிக்காரனைத்தான் கூப்பிட்டிருக்கிறாள் என்று செருப்பைக் கழற்றினார்.

"அவரு வேலைக்குப் போயிருக்காரு. உக்காருங்க."

"இருக்கட்டும்மா. எவ்வளவு நாளா இந்தத் தொல்லை?"

"ரெண்டு மாசமாச்சு. ராத்திரியிலதான் ஜாஸ்தி. கண்ணை மூட முடியல."

"அது ராத்திரி ஜென்மம். வெளிச்சமே ஆகாது" என்றார்.

அவள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து, உள்ளறைக் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க" என்றாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்டால் மானம் போகும் என்று நினைக்கிறாள் போலும். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சமையலறையைப் பாக்கலாமா?"

"வீட்டைச் சுத்திப் பாக்கணுமா? பாருங்களேன்" என்றாள். அவள் முகத்தில் லேசாக ஒரு சந்தோஷம் தெரிந்தது. பூச்சி இருக்கும் வீட்டைக் காட்டுவதில் என்ன சந்தோஷமோ, அவருக்குப் புரியவில்லை.

டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்தார். கழுவுதொட்டிக்கு அடியில், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் மோட்டார் சூடு அடிக்கும் இடத்தில், அலமாரிக் கீல்களின் இடுக்கில் எல்லாம் தேடினார். மிளகுத்தூள் சிந்தியது போன்ற எச்சம் இல்லை. உரித்துப் போட்ட தோல் இல்லை. முட்டைப் பை இல்லை. அந்த நாள்பட்ட எண்ணெய் வாடையும் இல்லை. இத்தனை வருஷத் தொழிலில் இவ்வளவு சுத்தமான சமையலறையை அவர் பார்த்ததில்லை.

டார்ச்சை அணைத்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பூச்சியாவது ஒன்றாவது! என்னைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது, நேராகக் கூப்பிட ரோஷம் விடவில்லை, பூச்சியைச் சாக்காகச் சொல்லியிருக்கிறாள். எழுந்திருக்க மனமில்லாமல் குனிந்தபடியே கொஞ்ச நேரம் இருந்தார்.

"நிறைய இருக்கும்மா" என்றார். தொழிலில் அவர் சொன்ன முதல் பொய்.

"எங்க?"

"சட்டுன்னு கண்ணுல படாது. ஒரு காசு நுழையற இடுக்கு போதும் இதுங்களுக்கு. சாப்பாடு இல்லாம வாரக்கணக்குல கிடக்கும், எங்கயாவது தண்ணி சொட்டினாப் போதும். பெட்டை முட்டைப் பையைச் சுமந்துக்கிட்டே திரியும். மருந்து அந்தப் பைக்குள்ள இறங்காது. அதனால ஒரு தடவை அடிச்சாத் தீராது. மாசம் ஒருக்கா நானே வந்து பாத்தாத்தான் சரிப்படும்."

பதினைந்து நாளைக்கு ஒருமுறை என்று சொல்லியிருக்கலாமே என்று உடனே தோன்றியது. பேச்சு நின்றால் கிளம்ப வேண்டியிருக்குமே என்று அவரே தொடர்ந்தார்.

"விளையாட்டுக்குச் சொல்லலம்மா. சாக்கடையில நடந்த காலோட வந்து தட்டுல நடக்கும். வயித்துப்போக்கு வரும். அதோட தோலும் எச்சமும் தூசியாகிக் காத்துல கலந்தா மூச்சிரைப்பு வரும். பூச்சி செத்தாலும் அந்தத் தூசி லேசுல போகாது. நல்ல வேளை, வீட்ல பச்சைக் குழந்தை எதுவும் இல்லை."

அவள் முகம் மாறியது.

"போன் எடுத்தவங்க உங்ககிட்ட என்னன்னு சொன்னாங்க?"

"கரப்பான் தொல்லைன்னு."

"அது சரி" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். "பூச்சிமருந்து கம்பெனிக்குப் போன் போட்டுக் கரப்பான்னு சொன்னா வேற என்ன நினைப்பாங்க? என் புத்தியைச் சொல்லணும்."

சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. உள்ளறைக்குள் போனவள், தோளில் ஒரு துணிச்சுருளோடு திரும்பி வந்தாள். அதற்குள்ளிருந்து ஒரு சின்னக் கை அவள் தலைமுடியைப் பிடித்திருந்தது.

"தோல்ல வர்ற கரப்பான். உங்க குடும்பத்துல யாருக்காவது இருந்துச்சான்னு டாக்டர் கேட்டாரு. சின்ன வயசுல உங்களுக்கு உடம்பெல்லாம் இருந்துச்சுன்னு பாட்டி சொல்வாங்கள்ல? இவன் பொறந்ததையே இவ்வளவு நாள் சொல்ல வாய் வரல. இன்னைக்கு மனசு கேக்கல, போன் பண்ணிட்டேன்."

அவள் துணியை விலக்கி, சிவந்து செதில் செதிலாயிருந்த அந்தக் கன்னத்தை அவர் பக்கம் திருப்பினாள்.

"மூக்கு முழியெல்லாம் அவங்க அப்பாவைக் கொண்டிருக்கான். கரப்பான் மட்டும் தாத்தாவைக் கொண்டிருக்கு."