சந்துச் சுவரில் ஒரு கை

"எவ அவ, என் செவுத்துல வரட்டி தட்டினவ?"

பிரெஞ்சுக்காரர் பாணியில் ஊரே 'முசே' என்று மரியாதையாகக் கூப்பிடும் அலெக்சாண்டர் போட்ட சத்தத்தில் நெல்லித்தோப்புத் தெருவே சந்துக்குள் ஓடி வந்தது.

மாதா தேர் வருவதற்குள் வீட்டுக்கு வெளிப்புறம் சுண்ணாம்பு அடித்தாக வேண்டும். முன்பக்கத்தைச் சுரண்டி முடித்த கூலியாள் சுப்பிரமணியன், சந்துப் பக்கம் வந்து கையை விரித்துவிட்டான். சுவர் முழுக்க வரட்டி.

"இதப் பேக்காம சுண்ணாம்பு ஒட்டாது முசே."

பேர்த்துப் போட்டால் தீர்ந்தது விஷயம். ஆனால் மனுஷர் சைகோனில் போலீஸ் உத்தியோகம் பார்த்துவிட்டு, போன வாரம்தான் ஊர் திரும்பியிருக்கிறார். சும்மா இருப்பாரா?

"வரட்டியில கை பதிஞ்சிருக்கு பாரு! இத வெச்சே ஆளப் புடிக்கிறேன். புடிச்சு, கோயில் வாசல்ல ஊரே பாக்க நிக்க வெக்கிறேன்!"

"அட, பேத்துப் போட்டுட்டு வேலையப் பாருங்களேன்," என்றாள் மனைவி ரோசா, ஜன்னல் வழியாக. சாணி வாடை பட்டாலே தனக்குத் தலைவலி வந்துவிடும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருப்பவள்.

"நீ சும்மா இரு ரோசா!"

முதல் சந்தேகம் மாடு வைத்திருக்கும் அஞ்சலாட்சி மேல்.

"சாணி என் மாட்டுதுதாங்க. கை என்னுது இல்ல," என்று அவள் கையை வைத்துக் காட்டினாள். பொருந்தவில்லை. அடுத்து முத்தம்மாள். அப்புறம் ஆதிலட்சுமி. தெருப் பெண்கள் அத்தனை பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு வரிசையில் நின்று கையை வைத்தார்கள். ஒருத்தி கையும் சேரவில்லை.

"வீட்டம்மா கையப் பாக்கலையே முசே," என்றான் சுப்பிரமணியன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா?

"அடச்சீ! அதையுந்தான் பாத்துடுறேன்!" என்று முசே ஒரு வரட்டியைப் பேர்த்துக்கொண்டு உள்ளே போய், ரோசாவின் கையை இழுத்து அதன்மேல் வைத்தார்.

விரலுக்கு விரல் பொருந்தியது.

ரோசாவுக்கு முகம் செத்துவிட்டது. "நீங்க அங்க இருந்தப்ப வெறகுக்கு வழியில்லாம ஆரம்பிச்சேங்க. ஒருத்தருக்கும் தெரியாது. கோயில் வாசல்ல நிக்க வெச்சா நான் செத்தே போயிடுவேன்," என்றாள் மெதுவாக.

பாவம், போலீஸ்காரர் வரட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். தலையைத் தொங்கப் போட்டபடி சந்துக்குத் திரும்பி வந்தார்.

"ஆளு கெடைச்சாச்சு. நான்தான் தட்டினேன்."

"நீங்களா!" என்றான் சுப்பிரமணியன். "உங்க கை மொறமாட்டம் இருக்கு. இது சின்னதா இருக்கே?"

"வெயில்ல காஞ்சா சுருங்காதா? போடா, போய் சொரண்டற வேலையப் பாரு!"

தெருவே கொல்லென்று சிரித்தது. முசே அத்தனை கேலியையும் வாங்கிக்கொண்டார்.

கூட்டம் கலைந்தபோது அஞ்சலாட்சி மட்டும் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"கவலப்படாதீங்க முசே. ரோசாம்மா தட்டறதையே இத்தினி வருஷமா நாங்க யாரும் வெளிய சொன்னதில்ல. நீங்க தட்டறதையா சொல்லிடப் போறோம்?"