பதினோரு மணிச் சிரிப்பு

என் பொண்டாட்டி பல் தெரியச் சிரிக்கிற படத்தைப் பொன்னேரியில் ஒரு காலேஜ் கண்காட்சியில் மாட்டியிருக்கிறார்கள் என்று பக்கத்துப் படகுக் கண்ணப்பன்தான் வந்து சொன்னான்.

"அண்ணிக்கு இப்படிச் சிரிக்க வரும்னே எனக்குத் தெரியாதுண்ணே" என்று போனை நீட்டினான்.

எனக்கும் தெரியாது. கல்யாணமாகி முப்பத்தாறு வருஷம்.

காலை வலையை முடித்துக்கொண்டு தினமும் பசியாவரம் கரைக்கு வருவேன். தண்ணீர் முழங்காலுக்குக் குறைந்ததும் பின்பக்கம் திரும்பி எஞ்சினைத் தூக்கவேண்டும். இல்லாவிட்டால் சேற்றில் மாட்டிக்கொள்ளும். தூக்கிக் கட்டிவிட்டு நிமிர்ந்தால் பொன்னியம்மாள் கூடையோடு நிற்பாள்.

"ஐஸ் வாங்கினியா?" என்பேன்.

"ம்" என்பாள். முகம் கல் மாதிரி இருக்கும்.

அந்த முகம்தான் எவனுக்கோ இப்படி மலர்ந்திருக்கிறது.

எடுத்தவன் தௌஃபீக். பழவேற்காட்டில் கல்யாணப் படம் எடுக்கிறவன். போன மாசம் முழுக்க எங்கள் கரையிலேயே கிடந்தான். அவன் அப்பன் பழுதான எஞ்சினை என் தலையில் கட்டியவன். பதினைந்து வருஷம் ஆகிறது. நான் மறக்கவில்லை.

பொன்னியம்மாளைக் கேட்டேன். அந்தப் பிள்ளை சும்மாதான் உட்கார்ந்திருந்தான், எப்போது எடுத்தானோ தெரியாது என்றாள். அவனோடு அப்படி என்ன பேச்சு என்றேன்.

இறால் உரிக்கிற கை நிற்கவில்லை. "பேசறதுக்கு ஆள் கெடச்சா பேசறதுதான்."

நாலு நாள் அவள் ஆக்கிய சோற்றைத் தொடவில்லை. டீக்கடைப் பன்னிலேயே ஓட்டினேன். அவளும் ஏனென்று கேட்கவில்லை. அது இன்னும் எரிந்தது. ஐந்தாம் நாள் தௌஃபீக்கின் கடைக்கே போய் நின்றேன்.

"இன்னா சொல்லி அவளைச் சிரிக்க வச்சே?"

"நான் ஒண்ணும் சொல்லலை நைனா. உக்காருங்க."

உட்காரவில்லை.

முதல் பத்து நாள் கேமராவைப் பையிலிருந்தே எடுக்கவில்லை என்றான். அம்மா எந்நேரம் எதைப் பார்க்கிறார்கள் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தானாம்.

"டெய்லி பதினோரு மணி வாக்குல ஒரு சிரிப்பு வரும் நைனா. ஒரு நிமிஷம்கூட நிக்காது. அப்புறம் முகத்தை மூடிக்குவாங்க. அதுக்காகத்தான் ஒரு மாசம் காத்திருந்தேன்."

"எவனைப் பாத்து வருது?"

கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினான். "கண்காட்சிக்கு முகத்தை மட்டும் வெட்டிக் குடுத்தேன். முழுப் படம் இதான்."

கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். ஒரு ஓரத்தில் அவள், இடுப்பில் கூடை, அந்தச் சிரிப்பு. அவள் பார்க்கிற பக்கம் தண்ணீரில் ஒரு படகு.

அதில், கரைக்கு முதுகைக் காட்டிக் குனிந்து எஞ்சினைத் தூக்கிக்கொண்டிருந்தேன் நான்.