எதிர்ச்சுவர்

எங்கள் கிரிக்கெட் கிளப்பின் சுவரில் லேசில் யார் படமும் ஏறாது. அப்படியொரு கர்வம் அந்தச் சுவருக்கு. பவுலர் சவரிமுத்துவின் படத்துக்கு அன்று காலையிலிருந்தே வாக்குவாதம். "நல்ல பவுலர்தான், யாரு இல்லேன்னா? ஆனா சுவத்துல மாட்டுற அளவுக்கா?" என்றார் ஏகாம்பரம். அவர் மட்டையோடு நிற்கும் படம் பல வருஷமாக அங்கே தொங்குகிறது. சவரிமுத்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, சாப்பிடக் கொடுத்த ஆரஞ்சுப் பழத்தைப் பழக்கதோஷத்தில் பேண்ட்டில் தேய்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கை தூக்கச் சொன்னோம். ஏகாம்பரத்தைத் தவிர எல்லாரும் தூக்கினார்கள். மிச்சமிருந்த இடம் ஏகாம்பரத்தின் படத்துக்கு நேர் எதிர்ச்சுவர்தான். ஓடிவந்து பந்து போடும் சவரிமுத்துவை அங்கே ஆணியில் மாட்டிவிட்டு, நேராக இருக்கிறதா என்று விலகி நின்று பார்த்தோம். முதுகுக்குப் பின்னால் டப்பென்று சத்தம். ஏகாம்பரத்தின் படம் தரையில் கிடந்தது. ஏகாம்பரமே எழுந்துபோய் அதை எடுத்துத் துடைத்து, மட்டையை இடுக்குவதுபோல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி வெளியே நடந்தார். வாசலில் நின்று சவரிமுத்துவைத் திரும்பிப் பார்த்தார்.

"நோ பால் இல்லியே?"