பிரேக் மிதிக்காத மாஸ்டர்

மெத்தைக் கம்பெனி மேனேஜர் பயிற்சிக் காரின் கதவைத் திறந்தபோது, பக்கத்து இருக்கையில் ஏற்கெனவே ஒருவர் பெல்ட் மாட்டி, ஹெல்மெட்டுக்குள் முகம் புதைத்து, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஆஹா, மாஸ்டர் என்றால் இப்படியல்லவா நேரத்துக்கு வர வேண்டும் என்று மேனேஜருக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

அவர் ஏறி இறங்கும் மூன்றாவது ரேஸ் பள்ளிக்கூடம் இது. சுற்றுவட்டாரத்தில் நான்காவது கிடையாது. அடுத்த மாதம் நடக்கும் அமெச்சூர் பந்தயத்தில் ஓடப்போவதாக ஆபீஸ் முழுக்கத் தண்டோரா போட்டாகிவிட்டது. ஆனால் ஏதாவது ஒரு பள்ளியின் சான்றிதழ் இல்லாமல் டிராக் பக்கமே விட மாட்டார்களாம்.

முதல் பள்ளியில் மாஸ்டர், "ஸ்டியரிங்கத் தலகாணி மாதிரி கட்டிப் பிடிக்காதீங்க" என்றார். தொழிலைக் குத்திக்காட்டுகிறான் என்று மேனேஜர் அந்த நிமிஷமே இறங்கி வந்துவிட்டார். இரண்டாவது பள்ளியில் முதல் வாரம் டிராக்கை நடந்தே சுற்றிப் பார்க்கச் சொன்னார்கள். "நடக்கறதுக்கு எங்க வீட்டுப் பக்கத்துல பார்க் இருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

காலையில் கிளம்பும்போது மனைவி சட்டைக் காலரைச் சரிசெய்தபடி சொன்னாள்: "இங்கயாவது வாயத் திறந்து நாலு வார்த்த கேட்டுக்குங்க. எல்லாம் தெரிஞ்ச மாதிரியே போய் நிக்காதீங்க."

இவராவது, கேட்பதாவது! வரவேற்பறைப் பெண், "வண்டி டிராக்ல நிக்குது சார், போய் உக்காருங்க, மாஸ்டர் வந்துடுவார்" என்றாள். எந்தப் பக்கம் உட்காருவது என்று அவள் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. கேள்வி கேட்பது தெரியாதவர்கள் வேலை.

"போலாமா சார்?" என்றார் மேனேஜர், சாவியைத் திருகியபடி.

"நீங்க சொன்னா சரி சார்" என்றது ஹெல்மெட்.

என்ன மரியாதை! மாஸ்டரின் கையுறையில் கடையின் விலை அட்டை கூடக் கழற்றப்படாமல் ஆடிக்கொண்டிருந்தது. எல்லாம் புத்தம் புதிதாக வாங்கி வைத்திருக்கிறார்கள், வசதியான பள்ளிதான் என்று ஒரு மதிப்பெண் கூடப் போட்டுக்கொண்டு, மேனேஜர் ஆக்சிலரேட்டரை அமுக்கினார்.

முதல் வளைவு ஓடி வந்தது. டயர் கிறீச்சிட்டது. பக்கத்து இருக்கைக்காரர் மேலே இருந்த கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்.

"இந்த எடத்துல பிரேக் போட வேணாமா சார்?"

அடடே, கேள்வி கேட்டே பாடம் நடத்துகிற ஆள். மற்ற இரண்டு பள்ளியிலும் உத்தரவு போட்டார்கள், இவர் சோதிக்கிறார். இதுவல்லவா வாத்தியார்த்தனம்.

"பிரேக் போடறவன் பின்னாடி வருவான் சார்" என்றார் மேனேஜர்.

"ஓஹோ."

ஓட்டியது தப்பென்றால் மாஸ்டர் சும்மா இருப்பாரா? பயிற்சி வண்டியில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்குமே, மிதித்திருப்பாரே. மிதிக்கவில்லை. அந்தத் தைரியத்தில் மேனேஜர் இரண்டாவது வளைவை இன்னும் வேகமாகத் திருப்ப, வண்டி டிராக்கை விட்டுப் புல்லில் இறங்கி, ஒரு ஆட்டம் ஆடி, யார் செய்த புண்ணியமோ, மறுபடி டிராக்குக்கு ஏறியது.

பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் புல்லைப் பார்த்தார்.

"இப்ப புல்லுல எறங்கினது... வேணும்னேதானா சார்?"

மேனேஜர் ஸ்டியரிங்கை நேராக்கினார். "டயர் சூடாயிடுச்சு. கொஞ்சம் ஆத்த வேணாமா?"

"அட! இத எந்தப் புஸ்தகத்துலயும் போடலையே சார்."

மேனேஜருக்கு மார்பு ஒரு சுற்றுப் பெருத்தது. டிராக் ஓரத்தில் பெரிய மீசைக்காரர் ஒருவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார். ரசிகர்கள் அதற்குள் சேர ஆரம்பித்துவிட்டார்கள். மேனேஜர் ஒரு கையை எடுத்துப் பெரிய மனதோடு பதிலுக்கு அசைத்தார். அந்த ஒரு கணத்தில் வண்டி தானாகவே இன்னொரு முறை டயரை ஆற்றிக்கொண்டு வந்தது.

சுற்று முடிந்து வண்டி நின்றது. முடிவுக் கோட்டுக்கு இருபதடி தள்ளித்தான் நின்றது, ஆனாலும் நின்றது.

"எப்படி சார்?" என்றார் மேனேஜர்.

"என் ஆயுசுல இப்படி ஒரு ரவுண்டு பாத்ததில்ல சார்."

அவ்வளவுதான், முடிவாகிவிட்டது. ஒரு குறை சொல்லவில்லை, ஒரு குரல் உயர்த்தவில்லை. இவரிடம் படித்தால் சான்றிதழ் என்ன, கோப்பையே வீட்டுக்கு வரும். இன்றைக்கே சேர்ந்துவிட வேண்டியதுதான்.

தூரத்தில் அந்த மீசைக்காரர் தொப்பி பறப்பதையும் கவனிக்காமல் இவர்களை நோக்கி ஓடிவந்துகொண்டிருந்தார்.

பக்கத்து இருக்கைக்காரர் ஹெல்மெட்டைக் கழற்றினார். உள்ளே வியர்வையில் குளித்த, பரவசமான ஒரு முகம் இருந்தது. மேனேஜரின் கையைத் தேடிப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகக் குலுக்கினார்.

"நானும் ஊர்ல இருக்கற எல்லா ஸ்கூலும் ஏறி எறங்கிட்டேன். இங்கதான் சேரப்போறேன். ஆனா ஒண்ணு, எனக்கு நீங்களேதான் சொல்லிக்குடுக்கணும், மாஸ்டர்."